ஓநாய்க்கு 20 உயிர்ப்புள்ளி

பலகையும் காயும் இல்லாத மேசை விளையாட்டைப் பற்றி எப்போது எழுதப்போகிறீர்கள் என்று இந்தப் பத்தியைப் படிக்கும் இளையர்கள் சிலர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ போன்ற கதை விளையாட்டுகளை. சரி, இந்த வாரம் அதுதான். ஆனால் எப்படி ஆடுவது என்று பாடம் எடுக்கப்போவதில்லை. அதற்குக் காணொளிகள் ஏராளம். அந்த மேசையில் அடிக்கடி வெடிக்கும் ஒரு சண்டையைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

புதியவர்களுக்கு மட்டும் சில வரிகள். ஒருவர் கதை நடத்துநர். மற்ற நால்வரோ ஐவரோ ஆளுக்கொரு பாத்திரம்: போர்வீரர், மந்திரவாதி, பூசாரி, திருடன் என்று. “முன்னால் ஒரு குகை, உள்ளேயிருந்து புகை வாடை வருகிறது” என்பார் நடத்துநர். உங்கள் பாத்திரம் என்ன செய்கிறது என்று நீங்கள் சொல்ல வேண்டும். அது பலித்ததா இல்லையா என்பதை 20 முகப் பகடை முடிவு செய்யும். பாத்திரத் தாளில் எழுதியிருக்கும் எண்களை அதனுடன் கூட்டிக்கொள்வீர்கள். ஒருவரை ஒருவர் தோற்கடிக்கும் ஆட்டமில்லை இது. வென்றால் எல்லாரும் வெல்வார்கள், அரக்கன் விழுங்கினால் எல்லாரையும்தான் விழுங்குவான்.

அப்படியானால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நண்பரின் பாத்திரம் வலிமையாக இருந்தால் நமக்கு நல்லதுதானே, அதில் என்ன சண்டை என்று தோன்றும். கேரம் பலகையில் நம் ஜோடி நன்றாக அடித்தால் நாம் கோபித்துக்கொள்வதில்லை. இங்கே மட்டும் ஏன்?

ஏனென்றால் இங்கே பங்கு போடப்படுவது நேரம். வேலை, பிள்ளைகள், பெற்றோரின் மருத்துவச் சந்திப்பு எல்லாவற்றுக்கும் இடையே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மூன்று மணி நேரம் கிடைக்கிறது. அந்த மூன்று மணி நேரத்தில் யார் எவ்வளவு நேரம் கதையின் நடுவே நிற்கிறார்கள் என்பதைப் பாத்திரத் தாளில் உள்ள எண்கள் பெருமளவு தீர்மானித்துவிடுகின்றன.

இந்தத் தகராறுக்கு விளையாட்டின் வயதுதான். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974இல் வெளியிட்ட முதல் வடிவத்தில் பலம், அறிவு, வசீகரம் என ஆறு தன்மைகளுக்கும் தலா 3 பகடைகளை உருட்டி, வந்ததை வரிசைப்படி எழுதிக்கொள்ள வேண்டும். சராசரி 10.5. உச்சமான 18 விழுவதற்கு 216இல் ஒரு வாய்ப்பு. மந்திரவாதியாக ஆசைப்பட்டு வந்தவருக்கு அறிவு 6 விழுந்தால், அன்று அவருக்கு அந்த ஆசை முழுதாக நிறைவேறாது. 1977இல் வந்த ‘டிராவலர்’ என்ற விண்வெளி விளையாட்டு இன்னும் ஒரு படி மேலே போனது. அதில் பாத்திரத்தை உருவாக்கிக்கொண்டிருக்கும்போதே அது செத்துப்போகலாம்! முன்கதைக்காக ராணுவத்தில் சேர்த்து, பகடை சரியில்லையென்றால் ஆட்டம் தொடங்குமுன்பே கதை முடிந்தது. இன்னொரு தாளை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பின்னால் 4 பகடைகளை உருட்டிக் குறைந்ததைக் கழிக்கும் பழக்கம் வந்தது. சராசரி 12.2க்கு ஏறியது. ஆனாலும் ஒருவருக்கு இரண்டு 17, இன்னொருவருக்கு எல்லாமே 11 என்று விழுவதை யாரால் தடுக்க முடியும்? அதனால் இன்றைய ஐந்தாம் பதிப்பில் வேறு வழிகளும் உண்டு. எல்லாருக்கும் 27 புள்ளி. அதைச் செலவு செய்து 8 முதல் 15 வரை வாங்கிக்கொள்ளலாம். கணக்குப் போடச் சோம்பலாக இருந்தால் 15, 14, 13, 12, 10, 8 என்ற ஆறு எண்களை அப்படியே எடுத்து விருப்பப்படி அடுக்கிக்கொள்ளலாம். கூட்டிப் பார்த்தால் அதுவும் சரியாக 27 புள்ளிதான்.

பகடையா புள்ளியா என்று கேட்டால் என் கட்சி இது: ஓர் இரவில் முடியும் கதைக்குப் பகடை. ஓராண்டு நீளும் கதைக்குப் புள்ளி. ஒரு ராத்திரி நோஞ்சானாக இருப்பதில் நகைச்சுவை உண்டு. அதே நோஞ்சானாக ஐம்பது வாரம் இருப்பது தண்டனை.

ஆனால் ஆறு எண்களைச் சமமாக்கிவிட்டால் எல்லாம் சமமாகிவிடுவதில்லை. வகுப்புகளுக்குள் இருக்கும் ஏற்றத்தாழ்வு அதைவிடப் பழைய புண். ஆரம்பத்தில் மந்திரவாதிக்கு நாளைக்கு ஒரே ஒரு மந்திரம். அதைச் சொல்லிவிட்டால் மூலையில் நிற்க வேண்டும். நிலைகள் ஏற ஏற அவர் வானத்தில் பறப்பார், மறைவார், சேனையை எரிப்பார். போர்வீரரோ முதல் நாளும் கத்தி வீசுவார், கடைசி நாளும் கத்திதான் வீசுவார். இது தெரிந்தேதான் பழைய விதியில் ஒரு கடிவாளம் வைத்திருந்தார்கள்: இரண்டாம் நிலைக்கு ஏறப் பூசாரிக்கு 1,500 அனுபவப் புள்ளி போதும், போர்வீரருக்கு 2,000, மந்திரவாதிக்கு 2,500. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு எல்லாருக்கும் ஒரே அட்டவணை என்று அதைத் தூக்கிவிட்டது. பார்க்கச் சமத்துவம்தான். மந்திரவாதியின் கையிலிருந்த பழைய விலங்கும் அதோடு கழன்றது. பூட்டைத் திறப்பதற்கென்றே பாத்திரம் செய்து வந்த திருடனின் பக்கத்தில், ஒரு மந்திரத்தால் கதவைத் திறந்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார் அவர்.

2008இல் நான்காம் பதிப்பு நேர் எதிராகப் போனது. எல்லா வகுப்புக்கும் ஒரே அமைப்பு: எப்போதும் செய்யக்கூடியவை, ஒரு சண்டைக்கு ஒருமுறை, ஒரு நாளைக்கு ஒருமுறை. நியாயமாகப் பார்த்தால் அதுவரை வந்தவற்றில் மிகச் சமமான பதிப்பு அதுதான். பலருக்குப் பிடிக்கவில்லை. போர்வீரரும் மந்திரவாதியும் ஒரே ஆள் மாதிரி இருக்கிறார்கள் என்றார்கள். பழைய விதிகளை ஒட்டி 2009இல் வந்த ‘பாத்ஃபைண்டர்’ பக்கம் ஒரு கூட்டமே போய்விட்டது. 2014இன் ஐந்தாம் பதிப்பு நடுவழி தேடியது. அதில் எனக்குப் பிடித்தது பூட்டைத் திறக்கும் அந்த மந்திரத்துக்குச் செய்த சிகிச்சை. மந்திரம் இன்னும் வேலை செய்யும், ஆனால் 300 அடி தூரம் கேட்கும்படி ‘டொக்’ என்று ஒரு சத்தம் எழும்பும். காவலாளி தூங்கும் வீட்டில் மந்திரவாதி வாயை மூடிக்கொண்டு நிற்பார், திருடன் முன்னால் வருவார். ஒருவரையும் குறைக்காமல் இருவருக்கும் வேலை கொடுத்துவிட்டார்கள்.

சமமாகவே இருக்கத் தேவையில்லை என்று வெளிப்படையாகச் சொன்ன விளையாட்டுகளும் உண்டு. 1987இல் வந்த ‘ஆர்ஸ் மேஜிகா’வில் மந்திரவாதிகள் மற்றவர்களைவிடப் பல மடங்கு பெரியவர்கள், அதை மறைப்பதே இல்லை. ஆனால் ஒவ்வொருவரும் ஒரு மந்திரவாதியையும் ஒரு துணைவரையும் வைத்துக்கொண்டு, கதைக்குக் கதை மாறி மாறி ஆடுவார்கள். சாதாரணக் காவலாட்களை எல்லாரும் பங்கிட்டுக்கொள்வார்கள். இன்று நீ பெரிய ஆள், அடுத்த முறை நான். அதை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜோனதன் ட்வீட்தான் பின்னாளில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் மூன்றாம் பதிப்புக்குத் தலைமை வடிவமைப்பாளராக இருந்தார் என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாகவே இருக்கும்.

இனி, நூலைவிட்டு மேசைக்கு வருவோம். எனக்குத் தெரிந்த குழு ஒன்று பொங்கோலில் ஒரு வீவக வீட்டில் கூடுகிறது. தொடக்கக்கல்லூரியில் தொடங்கிய நட்பு. நடத்துநர் தொடக்கப்பள்ளி ஆசிரியர். ஆடுபவர்களில் ஒருவர் கணக்காய்வாளர், ஒருவர் செவிலியர், இன்னும் இருவர். நான் இரண்டு மூன்று முறை விருந்தாளியாகப் போய் உட்கார்ந்திருக்கிறேன். மாமி செய்யும் வடை நன்றாக இருக்கும் என்பதும் ஒரு காரணம்.

கணக்காய்வாளரின் போர்வீரர் பெரிய வாள் வைத்திருந்தார். 2014 விதிநூலில் ‘கிரேட் வெப்பன் மாஸ்டர்’ என்றொரு சிறப்புத்திறன் உண்டு. பகடையில் 5ஐக் குறைத்துக்கொண்டால், அடி பட்டால் சேதத்தில் 10 கூடும். பலருக்கு இது சூதாட்டம். அவருக்கு இது கணக்கு. ஐந்தாம் நிலையில் பலம் 18 உள்ள வீரர், பாதுகாப்பு எண் 15 உள்ள எதிரியைச் சாதாரணமாக அடித்தால் 65 விழுக்காடு படும், சேதம் சராசரி 11. ஒரு வீச்சுக்கு 7.15 என்று வைத்துக்கொள்ளுங்கள். 5ஐக் குறைத்தால் 40 விழுக்காடுதான் படும், ஆனால் சேதம் 21, ஆக 8.4. சாதகமான நிலையில் இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுக்கும் வாய்ப்பு கிடைத்தால் 9.65க்கு எதிராக 13.44. எப்போதும் அந்தச் சாதகத்தை உண்டாக்கும்படி மற்ற திறன்களையும் அவர் அடுக்கியிருந்தார். இதையெல்லாம் பெருவிரைவு ரயிலில் வேலைக்குப் போகும்போது கைத்தொலைபேசியில் போட்டுப் பார்த்ததாகச் சொன்னார். (2024இல் வந்த புதிய நூலில் இந்த ஐந்துக்குப் பத்து வியாபாரத்தையே எடுத்துவிட்டார்கள். அவருக்கு அதில் வருத்தம்.)

செவிலியர் எடுத்திருந்தது காட்டு வழிகாட்டி. ரேஞ்சர் என்பார்கள். கூடவே ஓர் ஓநாய். வீவக வீட்டில் சின்ன இன நாய் ஒன்றுக்குத்தான் அனுமதி. அதுவும் அவரது பணிநேரத்துக்கு ஒத்துவராது. பெரிய நாய் ஒன்று தன் காலடியில் படுத்திருக்க வேண்டும் என்ற சிறுவயது ஆசையை அவர் இங்கே நிறைவேற்றிக்கொண்டார். அதற்கு ஒரு பெயர் வைத்து, பாத்திரத் தாளின் ஓரத்தில் படமும் வரைந்திருந்தார்.

பாவம், 2014 நூலில் மிகவும் பலவீனமானது என்று பேர் எடுத்த தேர்வு அது. மூன்றாம், நான்காம் நிலைகளில் ஓநாய் கடிக்க வேண்டுமென்றால் அவர் வில்லைத் தொடக்கூடாது. ஐந்தாம் நிலையிலும் தன் இரண்டு அம்புகளில் ஒன்றை விட்டுக்கொடுத்தால்தான் அது கடிக்கும். அப்போது ஓநாயின் உயிர்ப்புள்ளி 20. எதிரி மந்திரவாதியின் தீப்பந்து 8 பகடை, சராசரி 28.

நடத்துநருக்குத் தலைவலி இங்கே தொடங்கியது. அரக்கன் வந்த வேகத்தில் வாள்வீரர் அவனை வெட்டிச் சாய்க்கிறார். மற்றவர்கள் முறை வருவதற்குள் சண்டை முடிகிறது. சரி என்று பெரிய அரக்கனைக் கொண்டுவந்தார். வாள்வீரருக்கு ஈடுகொடுக்கும் அரக்கன் மற்றவர்களை ஒரே அடியில் வீழ்த்துவான். அவன் பாதுகாப்பு எண்ணை ஏற்றினால் வாள்வீரருக்குக் கொஞ்சம் தவறும், செவிலியரின் அம்பு படவே படாது. ஒருவரை அடக்க நினைத்து எடுக்கும் ஆயுதம் மற்ற மூவரைத் தாக்குகிறது. நடத்துநர்கள் அதிகம் விழும் குழி இதுதான். ஓநாய் ஒரு தீப்பந்தில் செத்துப்போனது.

கணக்காய்வாளர் உதவி செய்யத்தான் முயன்றார். “ஓநாய விட்டுடும்மா. வில்லுக்கும் இதே மாதிரி ஒரு சிறப்புத்திறன் இருக்கு, நான் உனக்கு எழுதித் தர்றேன். சேதம் ரெண்டு மடங்காயிடும்.” கணக்கு முழுக்கச் சரி. செவிலியர் “பார்க்கிறேன் அண்ணே” என்றார். அடுத்த முறை வேலை அதிகம் என்று குறுஞ்செய்தி அனுப்பினார். அதற்கடுத்த முறையும்.

ஆசிரியர் நேரில் போய்ப் பேசியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அந்த மூன்று மணி நேரத்துக்காக அவர் ஒவ்வொரு முறையும் சக ஊழியர் ஒருவரிடம் பணிநேரத்தை மாற்றிக்கொள்வாராம். பதிலுக்கு ஓர் இரவுப் பணி. “போன தடவை நான் நாலு முறைதான் பகடை உருட்டினேன். எண்ணிப் பார்த்தேன். நாலு பகடைக்கு ஒரு நைட் டியூட்டி.”

இதைக் கேட்டவுடன் பலர் கணக்காய்வாளரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பாத்திரத்தைச் செதுக்குவது அவருக்கு விளையாட்டின் பாதி இன்பம். மற்றவர்கள் மறந்துவிட்டு வரும் விதிகளை அவர்தான் மனத்தில் வைத்திருக்கிறார். எண்களை நன்றாக அடுக்குபவருக்குக் கதை தெரியாது என்பதும், கதை நன்றாகச் சொல்பவருக்குக் கணக்கு வராது என்பதும் இந்த வட்டாரத்தில் உலவும் சோம்பேறித்தனமான பேச்சு. அவரது வாள்வீரருக்குத் தம்பி இறந்த கதை ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லும்போது மேசையே அமைதியாகிவிடும். நூலில் அச்சிட்ட ஒரு தேர்வை எடுத்தவர் அவர். இன்னொரு தேர்வை எடுத்தவர் செவிலியர். இரண்டும் சமம் என்பதுபோல ஒரே நூலில் அடுத்தடுத்து அச்சிட்டது பதிப்பாளர். முதல் குறை அங்கேதான்.

பதிப்பாளருக்கும் அது தெரிந்திருந்தது. 2016இல் ரேஞ்சருக்குத் திருத்திய சோதனை வடிவம் ஒன்றை வெளியிட்டார்கள். 2020இல் வந்த ‘டாஷாஸ் கால்ட்ரன் ஆஃப் எவ்ரிதிங்’ நூலில் துணை விலங்குக்குப் புது விதி தந்தார்கள். அம்பு எய்வதை விட்டுக்கொடுக்காமலே விலங்கை ஏவலாம். நிலத்தில் வாழும் விலங்குக்கு உயிர்ப்புள்ளி 5, அதோடு நிலைக்கு 5. ஐந்தாம் நிலையில் 30. சராசரித் தீப்பந்து 28. செத்தாலும் ஒரு மணி நேரத்துக்குள் தன் மந்திர சக்தியில் கொஞ்சம் செலவழித்து எழுப்பிவிடலாம். ஆசிரியர் செய்தது இவ்வளவுதான்: புது விதியை எடுத்துக்கொண்டு, செத்த ஓநாயைப் பற்றி ஒரு கதை எழுதினார். காட்டுக் கோவில் ஒன்றில் குழு முழுவதும் போய் அதை மீட்க வேண்டும். எதிரியின் பின்னால் போய்க் கடிக்க ஓர் ஓநாய் இருந்தால் வாள்வீரருக்கும் லாபம் என்பதைக் கணக்காய்வாளர் தாமாகவே கண்டுபிடித்துச் சொன்னாராம். அது அவருடைய பாணி.

அதோடு இன்னொன்றும் மாற்றினார். சண்டைகளைப் பெரிதாக்குவதை நிறுத்திவிட்டுப் பிரச்சினைகளின் வகையை மாற்றினார். வாளால் தீராத காரியங்கள்: காணாமல்போன குழந்தையின் தடம், ஆற்றுக்கு அப்பால் நிற்கும் எதிரி, சமாதானம் பேச வேண்டிய கிழவி. வாள்வீரரின் எண்களில் ஒன்றைக்கூடக் குறைக்கவில்லை.

எண்களைக் குறைப்பது மிகச் சுலபமான, மிக மோசமான தீர்வு என்பது என் எண்ணம். ஆறு மாதம் வளர்த்த பாத்திரத்தின் திறனை நடுவில் பிடுங்கினால் அடுத்து வராமல் போவது அவராக இருக்கும். தேவைப்பட்டால் தொடங்கும்போதே, முதல் சந்திப்பில், பாத்திரங்களை ஒன்றாக உட்கார்ந்து செய்யுங்கள். வீட்டில் தனியாகச் செய்துகொண்டுவந்து மேசையில் வைப்பதுதான் பாதிச் சண்டைக்குக் காரணம். கணக்கில் கெட்டிக்காரர் ஒருவர் இருந்தால் அவரைப் பூசாரி வகுப்புப் பக்கம் நைசாகத் தள்ளிப் பாருங்கள். ‘பிளெஸ்’ என்றொரு மந்திரம் மூன்று பேரின் தாக்குதலுக்கு ஒரு 4 முகப் பகடையைக் கூட்டித் தரும், சராசரி 2.5. அவர் எவ்வளவு கெட்டிக்காரத்தனம் காட்டுகிறாரோ அவ்வளவு மற்றவர்கள் ஜொலிப்பார்கள்.

பேச்சைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தமிழ் மேசைகளில் இது கொஞ்சம் அதிகம். பள்ளியில் சொற்போரில் கோப்பை வாங்கியவர் ஒருவர் இருப்பார். தம் பாத்திரத்துக்கு வசீகரம் 8 மட்டும் வைத்து, மிச்சப் புள்ளியைப் பலத்தில் போட்டுவிடுவார். பிறகு அரசன் முன்னால் மூன்று நிமிடம் அடுக்குமொழியில் வெளுத்துக்கட்டுவார். நடத்துநரும் மயங்கி அரசன் இணங்கிவிட்டான் என்பார். பக்கத்தில், வாய் திறக்கவே கூச்சப்படும் ஒரு பெண் வசீகரம் 18 வைத்துப் பாணர் பாத்திரம் எடுத்திருப்பார். நிஜத்தில் முடியாததை இங்கே செய்து பார்க்கத்தான் வந்திருக்கிறார். “நான் அவர்கிட்ட நயமா பேசறேன்” என்று ஒரே வரி சொல்வார். “என்ன பேசறீங்கன்னு சொல்லுங்க” என்று அவரை மடக்குவார்கள். வாள்வீரராக ஆடுபவரை எழுந்து நின்று வாள் வீசிக் காட்டச் சொல்கிறோமா? நோக்கத்தை மட்டும் கேட்டுவிட்டுப் பகடை உருட்டச் சொல்லுங்கள். சொற்போர்க்காரரும் பேசட்டும், கேட்க நன்றாகத்தான் இருக்கும். பேசி முடித்ததும் அவரும் அந்த 8ஐ வைத்து உருட்டட்டும்.

ஜூன் விடுமுறையில் வீட்டில் பிள்ளைகளோடு ஆடிப் பார்க்க நினைக்கும் பெற்றோருக்கும் இதே தகராறு வரும், இன்னும் சீக்கிரம் வரும். பதினான்கு வயது அண்ணன் ஒரே இரவில் விதிநூலைக் கரைத்துக் குடித்துவிடுவான். எட்டு வயதுத் தங்கைக்குச் சிறகு வேண்டும், அவ்வளவுதான். இருவருக்கும் அந்த ஆறு எண்களையே கொடுங்கள்: 15, 14, 13, 12, 10, 8. எதை எங்கே வைப்பது என்று அவரவரே முடிவு செய்யட்டும். தங்கை தன் மந்திரவாதிக்குப் பலத்தில் 15ஐ வைப்பாள். அண்ணன் தலையில் அடித்துக்கொள்வான். திருத்தாதீர்கள். நடத்துநர் நீங்கள்தானே, அந்த மந்திரவாதி தூக்கிப் பார்ப்பதற்கு வழியில் ஒரு பாறையைப் போட்டு வையுங்கள்.